மாசியில் செத்துப்போன ரப்பர் மரங்களும் இருபத்தாறு மாடுகளும்

கடந்த மார்ச் மாதத்தின் முதல் சனிக்கிழமை, மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே இரண்டு காடுகளைப் பார்க்கப் போயிருந்தேன். பதிவை டிசம்பரில் எழுதுகிறேன். சோம்பல் ஒரு காரணம். நான் சொன்னது சரியா தவறா என்பதை நவம்பர் மழை வந்து சொல்ல வேண்டியிருந்தது என்பது இன்னொரு காரணம்.

ஈப்போவுக்குப் போகிறவர்கள் வெள்ளைக் காப்பி குடிப்பார்கள், குகைக் கோயிலில் படம் எடுத்துக்கொள்வார்கள், தம்புனில் பம்ளிமாஸ் வாங்குவார்கள். இவற்றில் எதையும் நான் செய்யவில்லை. வானத்திலிருந்து ஏற்கெனவே பார்த்துவிட்ட நிலத்தைத் தரையில் நின்று பார்க்கப் போனேன். உலகம் முழுவதும் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள் என்று மனைவி சொன்னார்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். ஷா ஆலமில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். போன ஆண்டு இணையத்தில் தொலையுணர்வு பற்றி ஓர் இலவசப் பாடத்திட்டம் படித்தேன். செயற்கைக்கோள் எடுக்கும் அகச்சிவப்புப் படங்களையும் ராடார் படங்களையும் வைத்து ஒரு நிலத்தில் என்ன வளர்கிறது, எங்கே ஈரம், எங்கே நீர் என்று கணிக்கும் கலை அது. சான்றிதழ் வந்த நாளிலிருந்து உறவினர்கள் என்னிடம் நிலத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். காப்பீட்டைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதில் எனக்குப் பதினெட்டு ஆண்டு அனுபவம்.

கேட்டவர்களில் முக்கியமானவர் லலிதா அக்கா. என் தாய்மாமன் மகன் முரளி குனோங் ராபாட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். அவன் மனைவியின் மூத்த சகோதரி இவர். சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில் இருபத்தாறு மாடுகள் வளர்க்கிறார். அந்தத் தோட்டம் வீடமைப்பு நிலமாகிவிட்டது. நான் போன சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை வேலி போடுகிறார்கள், மாடுகள் அதற்குள் வெளியேற வேண்டும். நான்கு கிலோமீட்டர் தள்ளி இரண்டு துண்டு நிலம் வாங்கியிருந்த ஒரு தவுக்கே, அக்காவிடம் பால் வாங்கும் சீன முதலாளி, ஒரு வழி சொன்னார். இரண்டிலும் டுரியான் பழத்தோட்டம் போடப் போகிறார். ஒன்றை இப்போது அழிப்பார், மற்றது மூன்று ஆண்டு சும்மா கிடக்கும். எது முதலில் என்பது அவருக்கு ஒன்றுதான். அக்கா ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மாடுகள் அங்கே மேயலாம், மற்றதில் புதன்கிழமை மண்வாரி இயந்திரம் இறங்கும்.

கிழக்குத் துண்டில் வயதான செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. மேற்குத் துண்டில் பால் வெட்டாமல் கைவிடப்பட்ட ரப்பர். இரண்டும் பூட்டிய வாசலுக்குள் இருந்தன. அக்கா சாலையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார், உள்ளே போனதில்லை. அதனால் முரளி மூலம் என்னிடம் கேட்டார். நான் இரண்டு மாலைகள் உட்கார்ந்து படங்களைப் பார்த்தேன். "கிழக்கு" என்று அனுப்பினேன். அக்கா தவுக்கேயிடம் கிழக்கு என்று சொல்லிவிட்டார்.

ஆக, என் வெற்றியைக் கண்ணால் பார்த்துவிட்டு வரத்தான் இந்தப் பயணம்.

வெள்ளிக்கிழமை மதியம் கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினேன். டிக்கெட் 36 ரிங்கிட், இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம். வார இறுதி என்றால் ஒரு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். இடப்பக்க ஜன்னலா வலப்பக்கமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு பக்கமும் செம்பனைதான். ஈப்போ நிலையத்திலிருந்து குனோங் ராபாட்டுக்கு வாடகைக் காரில் 12 ரிங்கிட். சுண்ணாம்புக் குன்றுகள் வரிசை வீடுகளின் பின்சுவர் வரைக்கும் வந்து நிற்கும் இடம் அது. முரளி வீட்டுத் துணிக்கொடியின் ஒரு முனை சுவரிலும் மறுமுனை குன்றின் பக்கத்து மரத்திலும் கட்டியிருக்கிறது.

சனிக்கிழமை காலை 7:10. முரளியின் கடைக்கு எதிரிலிருக்கும் மாமாக் உணவகம், தமிழ் முஸ்லிம் கடை. ரொட்டி சானாய் நான்கு, தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீர் இரண்டு, 9 ரிங்கிட் 40 காசு. மேசையில் மடிக்கணினியைத் திறந்து முரளிக்குக் கிழக்குத் துண்டைக் காட்டினேன். உணவகத்து அண்ணன் தட்டை வைக்க வந்தவர் குனிந்து பார்த்தார்.

"என்னா தம்பி இது, காடு தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல அண்ணே. இது நல்ல காடு. ஆரோக்கியமான இலை அகச்சிவப்பை நல்லா திருப்பி அனுப்பும். அதைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி சிவப்பா காட்டறோம்."

"பச்சையா இருந்தா சிவப்பா தெரியும்?"

"ஆமா."

"அப்ப காஞ்சு போனா?"

"சாம்பலா, ஒரு மாதிரி பச்சையா தெரியும்."

அவர் முரளியைப் பார்த்தார். "இவரு படிச்சவரு லா?" என்று கேட்டார். முரளி, சான்றிதழ் இருக்கிறது என்று உறுதி சொன்னான். "சரி, மேலேர்ந்து என் கடை வாசல் தெரியுதா? மழ பேஞ்சா தண்ணி நிக்குது. ரெண்டு வருசமா எல்லாத்துக்கிட்டயும் சொல்றேன், யாருக்கும் தெரிய மாட்டேங்குது."

என் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், உங்கள் வாசல் அதைவிடச் சின்னது என்று விளக்கினேன். அவர் அதை ஒரு அவமானமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். இரண்டாவது தே தாரேயில் சீனி இல்லை.

8 மணிக்கு முரளியின் நான்கு சக்கர வண்டியில் கிளம்பினோம். குனோங் ராபாட்டிலிருந்து சுங்கை சிப்புட் வரை 35 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அங்கிருந்து தோட்டச் சாலையில் 11 கிலோமீட்டர், கடைசி மூன்று செம்மண். வண்டிக்கு எண்ணெய் 30 ரிங்கிட்டுக்குப் போட்டேன். சாதாரணக் காரில் வருகிறவர்கள் தார் முடியும் இடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். கணுக்கால் வரை வரும் காலணி போதாது. முட்டி வரை வரும் ரப்பர் பூட்ஸ் சுங்கை சிப்புட் சந்தையில் 25 ரிங்கிட், அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பு.

வழியில் முரளிக்கு ராடாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அகச்சிவப்பு சூரிய ஒளியை நம்பியிருக்கிறது, மேகம் வந்தால் அவ்வளவுதான். எங்கள் பேராக் மாநிலத்தின் அகச்சிவப்புப் படங்களில் பாதி மேகங்களின் படங்கள். மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கம் போனால் மேகம் மட்டுமே. ராடாருக்கு அந்தக் கவலை இல்லை. தன் அலையைத் தானே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மேகத்தைத் துளைக்கும், இருட்டிலும் பார்க்கும். நீண்ட அலை ராடார் என்றால் இலைகளைக்கூடத் தாண்டி அடிமரம் வரை இறங்கும். கிழக்குத் துண்டு போன மூன்று நவம்பரிலும் அதில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தது. பருத்த, ஆரோக்கியமான மரங்கள் என்று அர்த்தம்.

"மேற்க?" என்றான் முரளி.

"அது செத்துருச்சு மச்சான். டிசம்பர்ல செவப்பா இருந்துச்சு, பிப்ரவரியில அப்படியே சாம்பல். ஏதோ நோய். ரெண்டே மாசத்துல மொத்தக் காடும்."

முரளி ரப்பரால் பிழைக்கிறவன் என்றாலும் அது டயர் வடிவத்தில் அவனிடம் வருகிறது. "சுசா லா", கஷ்டம்தான், என்று வருத்தப்பட்டான்.

9:20க்கு அக்காவின் கொட்டகை. ஐம்பது வயதிருக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. தவுக்கே முந்தின நாள்தான் சாவிகளைக் கொடுத்திருந்தார். "வாங்க தம்பி. நீங்க வந்து பாத்தாதான் உள்ள போறதுன்னு வச்சிருந்தேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்தப் பயணத்தில் அது நிமிர்ந்திருந்தது மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

கிழக்குத் துண்டுக்குள் நுழைந்தால், மேலே படத்தில் கண்ட அதே செழிப்பு. ஓலைகள் கோர்த்து வானம் தெரியாமல் மூடியிருந்தன. அகச்சிவப்பு ஒரு பொய்யும் சொல்லவில்லை. அது பார்த்தது ஓலையை. ஓலைக்குக் கீழே வெயில் விழாத தரையில் பெரணி, சேறு, மறுபடி பெரணி. அக்கா குனிந்து சுற்றிப் பார்த்தார்.

"புல்லு எங்க தம்பி?"

நான் மடிக்கணினியைப் பார்த்தேன். அதில் ஏராளமாக இருந்தது.

"மாடு மரத்துல ஏறி மேயாது லா மச்சான்" என்றான் முரளி.

அக்கா சிரிக்கவில்லை. ஒரு செம்பனையின் அடியில் விரலால் தேய்த்தார். முழங்கால் உயரத்துக்கு மேல் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, காய்ந்த ரவை உருண்டை மாதிரி. அடுத்த மரத்திலும் அதே உயரத்தில். அதற்கு அடுத்ததிலும்.

"நத்தை முட்டை" என்றார். "வயல்ல வர்ற நத்தை. தண்ணிக்கு மேலதான் ஒட்டும். அப்ப தண்ணி இங்க வரைக்கும் நின்னுருக்கு." தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. இதுல மாட்ட கட்டுனா கொளம்பு அழுகிடும். கன்னுகுட்டி ரெண்டு இருக்கு தம்பி."

அப்போதுதான் எனக்குப் பாடத்திட்டம் ஞாபகம் வந்தது. ராடார் அலை வெறும் தண்ணீரில் பட்டால் வழுக்கி அப்பால் போய்விடும், படத்தில் கறுப்பாகத் தெரியும். ஆனால் தண்ணீரில் மரங்கள் நின்றால், தண்ணீரில் பட்ட அலை அடிமரத்தில் மோதி நேராகச் செயற்கைக்கோளுக்கே திரும்பும். அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாகும். இது எட்டாவது பாடத்தில் வருகிறது. நான் ஏழு பாடம் பார்த்து, எட்டாவதை வேகமாக ஓட்டிவிட்டுச் சான்றிதழ்த் தேர்வு எழுதியவன். மூன்று நவம்பர்களாக ராடார் "வெள்ளம், வெள்ளம், வெள்ளம்" என்று கத்தியிருக்கிறது. நான் அதை "பருத்த மரம்" என்று மொழிபெயர்த்திருக்கிறேன்.

இதை இருவரிடமும் சொன்னேன். அக்கா சாவிக்கொத்தில் மேற்கு வாசலின் சாவியைத் தேடி எடுத்தார். பிறகு, "சரி, செத்த காட்டயும் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். "புதன்கெழமை அதுலதான் மெஷின் எறங்குது."

மேற்குத் துண்டு சாலைக்கு அந்தப் பக்கம், அறுநூறு மீட்டர். வாசலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். மரங்களில் ஓர் இலை இல்லை. கீழே சருகு கணுக்கால் ஆழம். நிரை நிரையாக மொட்டை மரங்கள், நடுவே வெயில் நேராகத் தரையில் விழுந்து, அந்த வெயிலில் புல். சும்மா இல்லை, முழங்கால் வரைக்கும் இளம் புல். முரளி அண்ணாந்து பார்த்தான். கிளை நுனிகளில் செம்பு நிறத்தில் துளிர் வந்துகொண்டிருந்தது.

"மச்சான், இதா செத்துச்சு?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஒரு வகை ஆர்வம் இருந்தது. "தம்பி, இது மாசி மாசம். மாசியில கித்தா மரம் எல கொட்டும். கொட்டிட்டு மறுபடி துளிர்க்கும். வருசா வருசம். ஒங்களுக்குத் தெரியாதா?"

"அவங்கம்மா இருவது வருசம் பால் மரம் வெட்டுனவங்க அக்கா" என்றான் முரளி, எனக்கு உதவி செய்கிற குரலில்.

உண்மைதான். ரப்பர் மரம் வெட்டிய சம்பளத்தில் படித்து ஆளாகி, ரப்பர் மரம் இலை உதிர்ப்பதை நோய் என்று விண்வெளியிலிருந்து கண்டுபிடித்த முதல் தலைமுறை நான்.

வாசகர்கள் இங்கே நான் மடிக்கணினியை மூடிவிட்டேன் என்று எதிர்பார்க்கலாம். மூடுவதற்கு முன் அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த ராடாரு கெழக்க தண்ணின்னு சரியாத்தான் சொல்லிருக்கு. நீங்கதான் தப்பா படிச்சிட்டீங்க. அப்ப மேற்க என்னா சொல்லுது?"

சருகில் உட்கார்ந்து கைப்பேசியின் இணையத்தில் மூன்று நவம்பர் படங்களையும் திறந்தேன். இந்த முறை எட்டாவது பாடத்தின்படி. துண்டு முழுக்க மந்தமான சாம்பல். தெற்கு ஓரத்தில் மட்டும், நூற்றைம்பது மீட்டர் நீளத்துக்கு, ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. மூன்று ஆண்டும் அதே இடத்தில்.

"இங்க ஏதாச்சும் ஓடை இருக்கா அக்கா?"

"இருக்க மாதிரி தெரியலயே."

"இருக்கணும்."

நடந்தோம். சரிவு இறங்கி, புதரை விலக்கிக்கொண்டு நானூறு மீட்டர். ஒரு அட்டைக்கு முரளி உப்பு போட்டான். கோடு இருந்த இடத்துக்கு இருபது மீட்டர் முன்னால் தரை நெகிழ்ந்தது. பழைய பாரிட் ஒன்று, தூர்ந்துபோன வாய்க்கால், புல் மூடிக் கிடந்தது. அதை ஒட்டிய ரப்பர் மரங்களின் அடியில், முழங்கால் உயரத்தில், இளஞ்சிவப்பாக முட்டைகள்! ஐந்தாவது நிரை வரைக்கும் இருந்தன. ஆறாவதில் இல்லை. படத்திலும் வெள்ளை அங்கேதான் முடிந்தது.

நான் கத்திவிட்டேன் என்று முரளி சொல்கிறான். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற ஒரு பெட்டியும், ஒரு நத்தையும், ஒரே கோட்டைப் போட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் சருகுக்காட்டில் குதிப்பதற்கு அது போதுமான காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். அக்காவும் ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி, "சூப்பரா இருக்கே லா" என்றார். அன்று முதல் தடவையாகச் சிரித்தார்.

ஆனால் மணி 11:35. தவுக்கேயிடம் கிழக்கு என்று சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் காடு அழிக்கும் குத்தகைக்காரர் இயந்திரங்களை லோரியில் ஏற்ற ஆள் சொல்லிவிடுவார். பள்ளத்தில் கைப்பேசிக்குத் தொடர்பு அறுந்துவிட்டது. மேடேறி ஓடினோம். அக்கா எங்களுக்கு முன்னால் ஓடினார். வாசல் பக்கம் கைப்பேசியில் இரண்டு கோடு வந்ததும் தவுக்கேயை அழைத்தார்.

"தவுக்கே, சாயா மாவ் துக்கார் லா. திமோர் தாக் மாவ். பாராட் மாவ்." மாற்ற வேண்டும், கிழக்கு வேண்டாம், மேற்கு வேண்டும். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டது. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "சாத்தெலிட் சாலா, தவுக்கே" என்றார்.

செயற்கைக்கோள் தவறு செய்துவிட்டது. இதற்கு நான் ஆட்சேபம் தெரிவித்திருக்க வேண்டும். அது ஒரு தவறும் செய்யவில்லை. நான் பூட்ஸில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

தவுக்கே குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். ஒன்பது நிமிடம். முரளி பூட்ஸைக் கழற்றி அட்டை தேடினான். அக்கா சாவிக்கொத்தை எண்ணிக்கொண்டே இருந்தார், அதில் மொத்தம் நான்கு சாவிதான். கைப்பேசி அடித்தது. "ஓக்கே... ஓக்கே தவுக்கே. தெரிமா காசி" என்று நன்றி சொன்னார். பிறகு வாசல் தூணில் சாய்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பியிருக்க வேண்டியவன், பயணச்சீட்டை மாற்றிக்கொண்டு தங்கினேன். காலை 6:45க்கு மாடுகள் கிளம்பின. நான்கு கிலோமீட்டருக்கு இரண்டு மணி ஐந்து நிமிடம். நடுவில் ஒரு பள்ளியின் வேலியோரப் புல்லுக்கு மட்டும் பதினைந்து நிமிடம் போனது. மேற்கு வாசலுக்குள் நுழைந்ததும் அவை குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை. கொட்டகையை எங்கே போடுவது என்று அக்கா என்னிடம் கேட்டார். தெற்குக் கோட்டுக்கு எட்டாமல், வடமேற்கு மேட்டில் ஓர் இடம் காட்டினேன். அவர் அந்த இடத்துக்குப் போய், அடிமரங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, அப்புறம்தான் கம்பு நட்டார்.

இதே மாதிரி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். படங்கள் இலவசம், மென்பொருளும் இலவசம். ஓரளவு நல்ல மடிக்கணினி இருந்தால் போதும். ஒன்றிரண்டு நாளின் படத்தை வைத்து எந்த நிலத்தையும் சாகடிக்காதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டின் எல்லா மாதங்களையும் பாருங்கள். பேராக்கில் ரப்பரையும் செம்பனையையும் பிரித்தறிய மார்கழியில் ஒன்று, மாசியில் ஒன்று என்று இரண்டு படங்களை அருகருகே வையுங்கள். மார்கழியில் எல்லாம் சிவப்பு. மாசியில் ரப்பர் மட்டும் சாம்பலாகித் தனியாகத் தெரியும். அந்த ஞாயிறு மாலை முரளி வீட்டில் உட்கார்ந்து சுங்கை சிப்புட்டிலிருந்து தெலுக் இந்தான் வரைக்கும் அப்படிப் பார்த்தேன். செம்பனைக் கடலில் சாம்பல் துண்டுகள், இங்கே பத்து ஏக்கர், அங்கே நாற்பது. மாபெரும் கண்டுபிடிப்பு என்று நினைத்து அக்காவுக்கு அனுப்பினேன். ஒவ்வொரு துண்டும் யாருடையது என்று பதில் வந்தது.

போவதற்கு முன் நில உரிமையாளரின் அனுமதி வாங்குங்கள். போகும்போது உப்பு. அப்புறம் எட்டாவது பாடத்தைப் பார்த்துவிடுங்கள்.

நவம்பரில் பேராக்கில் விடாமல் பெய்தது. அகச்சிவப்பில் மூன்று வாரம் மேகம். ராடார் படம் வந்த அன்று அலுவலகத்தில் மதிய உணவை விட்டுவிட்டுத் திறந்தேன். கிழக்குத் துண்டில் மரங்கள் போய்விட்டன, தண்ணீர் மட்டும் நிற்கிறது, கன்னங்கரேல். தவுக்கே அங்கே டுரியான் நட்டிருந்தார் என்று கேள்வி. மேற்கில் மந்தமான சாம்பல், தெற்கு ஓரத்தில் அதே வெள்ளைக் கோடு. மாடுகள் தெரியவில்லை. ஒரு கட்டத்துக்குள் அவற்றில் பத்து கட்டலாம். ஆனால் வடமேற்கு மேட்டில் இதுவரை எந்தப் படத்திலும் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி, ஒரே ஒரு கட்டம், பிரகாசமாக. தகரக் கூரை.

வட்டமிட்டு அக்காவுக்கு அனுப்பினேன். பின்னால் மழை கொட்டுகிற சத்தத்தோடு குரல் செய்தி வந்தது.

"பாத்தேன் தம்பி. கொட்டாயிதான். எல்லாம் காஞ்ச தரையில நிக்குது. இப்ப இருவத்தெட்டு. ரெண்டு புதுசா போட்டுச்சு, அது தெரியாது ஒங்க படத்துல. நீங்களே வந்து எண்ணிட்டுப் போங்க."